கார்டு கொடுக்காமல் போட்ட கூடாரம்

தம்பி,

கூடாரம் பொருத்தியாகிவிட்டதா, ஒரு போட்டோ அனுப்புங்க என்று நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய். "பொருத்தியாகிவிட்டது, நன்றாக நிற்கிறது" என்று மட்டும் பதில் போட்டேன். போட்டோவில் கூடாரம் தெரியும். அது இப்போது நிற்கும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன். போனில் பேசும்போது நமக்கு மழை, சாப்பாடு, என் முழங்கால் வலி ஆகிய மூன்றையும் தாண்டிப் போக முடிவதில்லை. நீயும் நிலூகாவும் வந்து இறங்க இன்னும் பதினெட்டு நாட்கள் இருக்கின்றன. அதற்குள் நீ இதை வாசித்துவிட வேண்டும். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் நான் சொல்லவே மாட்டேன். இருபத்தைந்து வருஷமாக என்னைப் பார்க்கிறாய், உனக்குத் தெரியும்.

கித்துல்கலையில் ஆற்றோரம் ஒரு விடுதியை மூடுகிறார்கள், அவர்களிடம் பழைய கேரவன் ஒன்று இருந்தது, அதை வாங்கிவிட்டேன் என்று மெல்பர்னிலிருந்து நீ சொன்ன அன்று, எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். "நல்லது" என்றேன். "ஒரு மாசம் ஊர் சுத்தப் போறோம் அம்மா. அதுல பத்து நாள் உங்க வீட்டு முன்னால நிப்பாட்டி வச்சிக்கிறோம். படுக்க, சமைக்க எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல" என்றாய். இன்னொரு தடவை நல்லது என்றேன். போனை வைத்துவிட்டுப் பின் அறையைத் திறந்து பார்த்தேன். உங்கள் கல்யாணத்தை இதே போனில் பார்த்த மறுவாரம் அந்த அறைக்குப் பெயின்ட் அடித்து, உன் பழைய ஒற்றைக் கட்டிலை எடுத்துவிட்டுப் பெரிய கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. நான் சொல்லாததை மற்றவர்கள் தாங்களாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது என் நீண்டகால வியாதி. உனக்கும் அது கொஞ்சம் இருக்கிறது. கல்யாணமான புதிதிலேயே கவனித்துக்கொள். நாள்பட்டால் மாறாது.

கேரவனை ஒரு டிராக்டர் இழுத்து வந்தது. நம் வளவில் மட்டமான இடம் என்று சொல்ல வீட்டுக்கு முன்னால் உள்ள அந்த ஒரு துண்டுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் ரப்பர் மரங்களை நோக்கிச் சரிந்து போகிறது. டிராக்டர்காரர் இறங்கி வந்து, "டீச்சர், வாசல எந்தப் பக்கமா வைக்கிறது? வீட்டப் பாத்தா, ரோட்டப் பாத்தா?" என்று கேட்டார். "எப்படி வருதோ அப்படியே விடுங்க" என்றேன். வந்தபடியே விட்டதில் கதவு ரோட்டைப் பார்த்தது, முதுகு வீட்டைப் பார்த்தது. "வீட்டை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் திருப்பித் தந்திருப்பார். உங்கள் வண்டி, உங்கள் வாசல், உங்களுக்கு எந்தத் திசை வேண்டுமோ நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள் என்று எனக்குள் ஒரு வீம்பு. அன்றிலிருந்து அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது.

பிறகு நீ கூடாரத்தைப் பற்றிச் சொன்னாய். நிலூகா மழையில் நனையாமல் வெளியே உட்கார வேண்டும், கேரவனின் கதவுப் பக்கத்தில் சேர்த்துப் போடுகிற கூடாரம் ஒன்று பாருங்கள், கம்பி வைத்தது வேண்டாம், காற்றடிக்கிறதாகப் பாருங்கள் என்றாய். காற்றைத் தூணாக நிறுத்தி அதன்மேல் கூரை போடுவது எனக்கு நம்பிக்கை தருகிற யோசனையாக இல்லை. அதுவும் இந்தப் பக்கத்து மழைக்கு. ஆனாலும் அளந்துகொண்டு கேகாலைக்குப் போனேன். கப்பலில் வரும் பழைய சாமான்களை விற்கும் அந்த முஸ்லிம் நானாவின் கடை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் முதல் சைக்கிளை அங்கேதான் வாங்கினோம். அவர் இரண்டு பொதிகளை இறக்கி வைத்தார்.

"டீச்சர், ரெண்டு வக ஈக்கி. ஒண்டு கம்பி, ஒண்டு காத்து. ஒத்தையாளுக்குக் காத்துதான் லேசி."

"காற்று இறங்கிப் போனால் கூரை தலையில் விழுமே?"

"மூணு குழாய்க்கும் மூணு வாய் ஈக்கி. ஒண்டு போனா மத்த ரெண்டும் புடிச்சிக்கும். எல்லாத்தையும் ஒரே வாயில அடிக்கிற சாமானும் வருது, அத நான் ஒங்களுக்குத் தர மாட்டேன். செல்லுங்க, கேரவன்ட ஒசரம் என்ன?"

துண்டுக் கடதாசியை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மட்டம் பாத்துட்டா அளந்தீங்க? இல்லாட்டி சரிவுல நிக்க வெச்சா?"

இருபது வருஷமாகப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கேரவனின் ஒரு பக்கச் சில்லு கல்லின்மேல் ஏறி நின்றதைக் கவனிக்காமல் உயரம் அளந்திருக்கிறேன். கூடாரத்தின் மேல்விளிம்பு கேரவனில் நீளமாகப் பள்ளம்போல் ஓடும் ஒரு காடிக்குள் நுழைய வேண்டும். தரையிலிருந்து அந்தக் காடி வரைக்கும் உள்ள உயரம் பிழைத்தால் கூடாரத்தின் கால்கள் தொங்கும், அல்லது துணி தொய்ந்து கூரையில் தண்ணீர் தேங்கும். "போய்த் திரும்ப அளந்துட்டு வாங்க. சாமான் எங்கயும் ஓடாது" என்றார் நானா.

வீட்டுக்கு வந்து மட்டம் பார்ப்பதற்காக முதல் தடவையாகக் கேரவனுக்குள் ஏறினேன். சின்ன மேசைமேல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, வெளியே போய்ச் சில்லுக்குக் கீழே இருந்த கல்லை எடுத்தேன். உள்ளே வந்து பார்த்தேன். மறுபடி வெளியே போனேன். நான்காவது தடவை தண்ணீர் தட்டின் விளிம்போடு ஒத்து நின்றது. மூச்சு வாங்கியதால் அங்கேயே இருந்த கட்டிலில் உட்கார்ந்தேன். இருவர் படுக்கிற கட்டில். அதில் உட்கார்ந்திருந்தபோதுதான் நீ ஏன் இந்த வண்டியை வாங்கினாய் என்பது எனக்குப் புரிந்தது. படுக்கும் இடத்தைக் கூடவே கொண்டுவருகிறவர்களை யாரும் வேறு எங்கும் படுக்க அனுப்ப முடியாது.

நான்கு வருஷத்துக்கு முன் கம்பஸ் லீவில் நீ நிலூகாவைக் கூட்டிவந்தாய். எம்பிலிப்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த சிங்களப் பிள்ளை. கையில் ஒரு பை நிறைய மாம்பழம். நான் தேத்தண்ணி கொடுத்தேன், சோறு போட்டேன், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தியானதும் ஒரு த்ரீவீலரைக் கூப்பிட்டு, கேகாலையில் என்னோடு படிப்பிக்கிற ஒரு சிங்கள டீச்சர் வீட்டில் அவள் தங்குவதற்கு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னேன். மழை பெய்துகொண்டிருந்தது. பின் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீ ஹாலில் படுத்திருக்கலாம். நீ "ஏன் அம்மா?" என்று கேட்டாய். ஊர் என்ன சொல்லும் என்றேன். நீ அவளோடு போய், அவளை விட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்தாய். விடியற்காலை முதல் பஸ்ஸில் போனாய். அதற்குப் பிறகு நீ இந்த வீட்டில் ஒரு இரவும் தங்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போவதற்கு முன் விடைபெற வந்த அன்றும் மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டாய். நான் அதைக் கணக்கில் எடுக்காதது போல நடந்துகொண்டேன்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அன்று முழுவதும் நான் அவளோடு இங்கிலிஷில் பேசினேன். அவள் தட்டுத்தடுமாறி இங்கிலிஷில் பதில் சொன்னாள். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் அப்படிப் பேசுவதாக நீ நினைத்திருப்பாய். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிங்களம் தமிழைப் போலவே வாயில் வரும். கடையில், அரசாங்கக் கந்தோரில், பஸ்ஸில் நாள்முழுக்க அதைத்தான் பேசுகிறேன். அவளிடம் மட்டும் பேசவில்லை. அவளைத் தூரத்தில் நிறுத்துவதற்கு அது ஒரு நாகரிகமான வழியாக எனக்குப் பட்டது. யாரும் குறை சொல்ல முடியாத வழி. அவளுக்கு அது விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். த்ரீவீலரில் ஏறும்போது அவள் சிங்களத்தில்தான் சொல்லிவிட்டுப் போனாள், "கிஹில்லா என்னம் அம்மே" என்று. போய் வருகிறேன் அம்மா என்று. நான் தலையை ஆட்டினேன்.

சரியான அளவோடு நானாவிடம் திரும்பப் போய் வாங்கிவந்த கூடாரத்தைப் போன வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை பொருத்தினேன். தனியாகத்தான். கூப்பிட்டால் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து யாராவது வந்திருப்பார்கள். கூப்பிட எனக்கு வாய் வராது. மேல்விளிம்பில் கயிறு வைத்துத் தைத்த தடித்த ஓரத்தைக் காடியில் நுழைத்து இழுத்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது. ஒரு மெழுகுதிரியை எடுத்துக் காடி முழுக்கத் தேய்த்தேன். மர வாங்குப் பலகையின்மேல் ஏறி நின்று ஒரு முழம் இழுப்பதும், இறங்கி வாங்கைத் தள்ளி வைப்பதும், மறுபடி ஏறுவதுமாக இரண்டு மணி நேரம் போனது. இன்னொரு ஆள் இருந்தால் பத்து நிமிஷ வேலை. பிறகு மூலைகளில் முளை அடித்தேன். அடித்து முடித்தபின் கதவுப் பக்கத்து ஸிப்பைப் பூட்டப் பார்த்தால் இரண்டு விளிம்பும் ஒரு சாண் தள்ளி நின்றன. கதவைப் பூட்டிவிட்டுத்தான் முளை அடிக்க வேண்டுமாம், கூடாரத்தோடு வந்த தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி அடித்தேன். கடைசியில் பம்பை எடுத்தேன். மூன்று குழாய்களும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றதைப் பார்க்க, உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. காட்ட ஒருவரும் இல்லை.

காலைக் குளிரில் பம்பின் அளவுமானியில் சிவப்புக் கோடு வரை அடித்துவிட்டேன். மத்தியானம் வெயில் ஏறியதும் குழாய்கள் தவில் மாதிரி விறைத்துவிட்டன. காற்று சூடானால் விரியும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவள், குழாய்களின் வாயைத் திறந்துவிட ஓடினேன். நீயும் முழுதாக அடிக்காதே. கொஞ்சம் இடம் விட்டு அடி.

அன்று மாலை முதுகு பிடித்துக்கொண்டது. மாத்திரை போட்டுப் படுத்தவள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கதவை உடைப்பது போலத் தட்டும் சத்தத்தில்தான் எழுந்தேன். திறந்தால் லெச்சுமி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், ஐந்தாம் வகுப்போடு நின்று ரப்பர் பால் வெட்டப் போனவள். முந்தானை தரையில் இழுபட, கண் வீங்கி நின்றாள்.

"அடியே! உசுரோடதான் இருக்கியா நீ!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான் நினைவு வந்தது போல, "டீச்சர்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் பதினைந்து பேராவது இருக்கும். பெண்கள் கையில் சீனி, தேயிலை, பிஸ்கட் பார்சல்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கத்து முத்தையா அண்ணன் சாவு வீட்டு வாசலில் கட்டுகிற வெள்ளைக் கொடி கோத்த கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டியிருந்தார். இன்னும் மூன்று பேரிடம் குழி தோண்டும் இரும்பு அலவாங்கும் மண்வெட்டியும்.

"யாரு டீச்சர் போனது?" என்றார் முத்தையா அண்ணன்.

"யாரும் போகலண்ணே. மகன் வர்றான்."

"மகன் வர்றதுக்கா டென்ட் போட்டீங்க?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்யாணம்னா வீட்டுக்கு வீடு கார்டு வரும். சடங்குன்னா சொல்லி அனுப்புவாங்க. ஒரு வார்த்தயும் இல்லாம நேத்து அந்தியில டென்ட் நிக்குது, விடிஞ்சும் கதவு தொறக்கல. நாங்க என்னான்னு நெனைக்கிறது? ரெண்டு பேரு குழி வெட்டப் போயாச்சு."

"போன் போட்டு நிப்பாட்டுங்க."

"அவனுங்க போன் எடுத்தாத்தானே? இந்நேரம் இடுப்பளவு எறங்கிருப்பானுங்க."

"வெட்டுனது வெட்டுனதா இருக்கட்டும், வாழக்கன்னு வச்சிரலாம்" என்றாள் பின்னால் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். லெச்சுமி மட்டும் சிரிக்காமல் அடுப்படிக்குள் போய்க் கேத்தலை வைத்தாள். நான் செத்துவிட்டதாக நினைத்து வாங்கிவந்த சீனியைப் போட்டு எனக்கே பிளேன்டீ ஊற்றித் தந்தாள். "ஒன் சாவுக்கு வாங்குன சீனி. நல்லா அள்ளிப் போட்டுக் குடி" என்றாள்.

கோப்பையோடு திரும்பி லயத்துப் பக்கம் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய வீட்டுக்காரர் இறந்தபோது லயத்து முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். இங்கிருந்து பார்த்தாலே தெரியும். வேலை இருக்கிறது என்று ஒரு ஆளிடம் காசுக் கவரைக் கொடுத்தனுப்பினேன். உன் அப்பா உயிரோடு இருந்தவரை இந்த வீட்டின் சார்பில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் போய்வந்தார். அவருக்குப் பிறகு நான் வளவைச் சுற்றி மதிலைக் கட்டிக்கொண்டு யார் வீட்டுக்கும் போகாமல் இருந்துவிட்டேன். அவளோ ஒரு டென்டைப் பார்த்ததும் அழுதுகொண்டு ஓடிவந்திருக்கிறாள்.

டீ குடித்துக்கொண்டே அவள் கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "ஏன் புள்ள, வாசல் ஏன் ரோட்டப் பாத்து இருக்கு? மகனும் மருமகளும் வந்தா ஒனக்கு முதுகக் காட்டிக்கிட்டா ஒக்காந்திருப்பாங்க?"

நான் ஒரு பிஸ்கட் பார்சலைப் பிரித்து மற்றவர்களுக்கு நீட்டினேன். அவளே, "அந்த எம்பிலிப்பிட்டியப் புள்ளயத்தானே கட்டியிருக்கான்? நீ மழையில அனுப்பி வச்சியே?" என்றாள்.

"ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்துட்டேன் லெச்சுமி."

"ஊருன்னா யாரு? நாங்கதானே? நாங்க என்ன சொன்னோம்?" கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க காம்பராவுலயே படுக்க வச்சிருப்பேன். நாலு புள்ளைங்களோட அஞ்சாவதா."

நான்கு வருஷமாக நான் யாருக்குப் பயந்தேனோ, அவர்கள் என் முற்றத்தில் நின்று பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் நான் ஒருநாளும் கேட்டதே இல்லை. ஊர் என்று நான் சொன்னது என்னைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நீ எங்கே இருந்தாலும், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தீர்மானிப்பதற்கு முன் அவர்களில் ஒருவரையாவது கேட்டுப் பார்.

எழுந்து, "அண்ணே, இத வீட்டுப் பக்கமா திருப்ப முடியுமா?" என்று முத்தையா அண்ணனிடம் கேட்டேன். யாரிடமாவது நான் உதவி கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கொடிக் கயிற்றைத் தூணில் மாட்டிவிட்டு, "கேக்கணும்ல டீச்சர்" என்றார். காற்றை இறக்கி, முளைகளைப் பிடுங்கி, துணியைக் காடியிலிருந்து உருவி எடுத்தோம். குழி வெட்டக் கொண்டுவந்த அலவாங்குகளைச் சில்லுகளுக்குக் கீழே கொடுத்து நெம்பினார்கள். ரப்பர் லொறியைத் தள்ளும்போது போடுகிற சத்தத்தைப் போட்டுக்கொண்டு எல்லோரும் தோளைக் கொடுத்தார்கள். கேரவன் மெதுவாகத் திரும்பியது. நான் தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தேன். கூடாரம் மறுபடி எழுந்து நிற்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கதவை முதலில் பூட்டுங்கள், பிறகு முளை அடியுங்கள் என்று நான் சொன்னேன். எனக்கு அன்று மிச்சமிருந்த அதிகாரம் அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. தினமும் பாடசாலை விட்டு வந்ததும் அந்தக் கூடாரத்துக்குள் சற்று நேரம் உட்கார்கிறேன். கூரையில் மழை விழும் சத்தம் பலமாகத்தான் கேட்கிறது, ஆனால் ஒழுகவில்லை. காற்றைப் பற்றி நான் நினைத்தது பிழை. அங்கிருந்து பார்த்தால் என் வாசல் நேரே தெரிகிறது. நடந்தால் பதினோரு எட்டுத் தூரம். மழை பெய்தால் நனைந்துதான் வர வேண்டும்.

எங்கே படுப்பது என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். பின் அறையில் பெரிய கட்டில் இருக்கிறது. நீங்கள் கேரவனிலேயே படுத்தால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று எழுதி, அதை வெட்டிவிட்டேன். நினைப்பேன். ஆனால் வாய் திறந்து கேட்டுவிட்டுத்தான் நினைப்பேன். இதோ கேட்கிறேன்: வீட்டுக்குள் வந்து தங்குங்கள்.

நிலூகாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை நீ அவளுக்கு வாசித்துச் சொல், த்ரீவீலர் வந்த பகுதியையும் இங்கிலிஷ் பகுதியையும் விடாமல். இந்தக் கடைசி வரிகளை மட்டும் வாசிக்காதே. அவற்றை அவள் என் வாயிலிருந்து கேட்க வேண்டும். அவள் வண்டியை விட்டு இறங்கியதும் என் வாசலில் நின்று நான் சொல்லப்போவது இதுதான்: "எத்துலட்ட எண்ட, துவே." உள்ளே வா, மகளே. பிறந்த நாளிலிருந்து பேசுகிற பாஷை, இருந்தும் நேற்று அலமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது தடவை குரல் நடுங்கவில்லை.

அம்மா